கோவையில் குவாட் 405 ஆம்ப்: நம்பிக் கொடுக்க ஆள் தேடுகிறேன்

கொங்குராகம்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் குவாட் என்ற இங்கிலாந்து கம்பெனியின் 405 பவர் ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர்) ஒன்று இருக்கிறது. பெரியப்பா லண்டனில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியது. ஊர் திரும்பும்போது துணிமணியைக்கூட விட்டுவிட்டு இதைத் தூக்கிக்கொண்டு வந்தார் என்று பெரியம்மா இன்றும் சொல்வார். போன வருடம் என் கைக்கு வந்தது.

பிரச்சினை இரண்டு. இரண்டு ஸ்பீக்கரிலும் 'ம்ம்' என்று லேசான ஹம், பாட்டு ஓடாதபோது தெளிவாகக் கேட்கிறது. அப்புறம், இடது பக்கம் மட்டும் வால்யூமைக் கொஞ்சம் ஏற்றினால் ஒலி கிழிகிறது. தனி ஆவர்த்தனம் போட்டால் மிருதங்கத்தின் தொப்பி (இடது கைப் பக்கம்) அடி விழும் இடமெல்லாம் 'டர்' என்று உடைகிறது. வால்யூமைக் குறைத்தால் அதே பதிவு சுத்தமாகக் கேட்கிறது. ஸ்பீக்கர்களை இடம் மாற்றிப் பார்த்தேன், கேபிளை மாற்றினேன். கோளாறு ஆம்பில்தான்.

ஊரில் பெயருள்ள ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். மூடியைத் திறந்ததுமே தீர்ப்பு வந்துவிட்டது: "இந்த போர்டெல்லாம் இனி ஓடாது சார். டிரான்ஸ்பார்மர் நல்லா இருக்கு. ரெடிமேட் போர்டு ரெண்டு போட்டுத் தரேன், இதைவிட சத்தமா பாடும்." மீட்டரைக் கையில்கூட எடுக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லி எடுத்து வந்துவிட்டேன்.

கோவை, சென்னை, பெங்களூரு எதுவானாலும் சரி. இதை இதாகவே பழுது பார்த்துத் தரும் ஆள் வேண்டும். ஒருவரைப் பார்த்தவுடன் இவரிடம் கொடுக்கலாமா என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

ரிச்சித்தெருவாசி:

எடுத்து வந்தது நல்லது. அந்த ரெடிமேட் போர்டு உள்ளே போயிருந்தால் மிஞ்சுவது குவாட் என்று எழுதிய ஒரு டப்பா மட்டும்தான்.

'சென்னை ரிச்சி தெருவுக்குப் போ' என்று எல்லோரும் சொல்வார்கள். ஆம்பைத் தூக்கிக்கொண்டு அங்கே போகாதீர்கள். அது பார்ட்ஸ் விற்கும் இடம். பழுது பார்ப்பவர்களும் உண்டு, ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு டிவி போர்டு, லேப்டாப், மொபைல்தான் வேலை. நான் வெறுங்கையோடு போய்ப் பார்ட்ஸ் கடைக் கல்லாவில் கேட்பேன்: "நல்ல கெப்பாசிட்டராகப் பார்த்து, ஒன்றிரண்டு எண்ணிக்கையில், உரசி உரசிப் பார்த்து வாங்கிப் போகிற ஆள் யார் வருகிறார்?" நூறு இருநூறாக அள்ளிப் போகிறவர் வேறு. ஒரே ஒரு டிரான்சிஸ்டருக்காக மூன்று கடை ஏறி இறங்குகிறவரைக் கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்தான் நமக்கு வேண்டிய டெக்னீஷியன். பெரும்பாலும் அவருக்குக் கடை, பெயர்ப்பலகை எதுவும் இருக்காது. வீட்டு மாடியில் ஒரு மேஜை இருக்கும்.

இன்னொரு வழி, சபாக்களுக்கும் கச்சேரிகளுக்கும் சவுண்டு போடுகிறவர்கள். மார்கழியில் ஒரு ஆம்ப் படுத்தால் மறுநாள் காலைக்குள் எழுந்தாக வேண்டும். அவர்கள் யாரிடம் ஓடுகிறார்களோ அவரைக் கேளுங்கள். வடபழனி, கோடம்பாக்கம் பக்கம் ஒலிப்பதிவுக் கூடங்களில் மிக்சர், டேப் மெஷின் பராமரித்தவர்களில் சிலர் ஓய்வுக்குப் பிறகு வீட்டில் இந்த வேலை செய்கிறார்கள். இவர்கள் யாரும் கூகுள் மேப்பில் கிடைக்க மாட்டார்கள்.

பழைய_வால்வு:

கொங்குராகம் தம்பிக்கு, நான் வானொலி நிலையப் பராமரிப்பில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். இப்போது வெளி வேலை எடுப்பதில்லை, கண் ஒத்துழைப்பதில்லை. ஆனால் ஆளை எப்படிப் பார்ப்பது என்று சொல்ல முடியும். அதற்கு முதலில் இந்த ஆம்பைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

405 வந்தது 1975இல். பீட்டர் வாக்கரின் குவாட் நிறுவனம் அதில் 'கரண்ட் டம்பிங்' என்ற முறையைக் கொண்டுவந்தது. உள்ளே சிறிய, துல்லியமான கிளாஸ் ஏ ஆம்ப் ஒன்று இருக்கிறது. பெரிய டிரான்சிஸ்டர்கள் கரண்டைக் கொட்டுவதற்கு மட்டும். அவை செய்யும் பிழையைச் சிறிய ஆம்ப் சரிக்கட்டிவிடும். இரண்டையும் இணைக்கும் பாலத்தில் இரண்டு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், ஒரு காயில் என நான்கே உறுப்புகள். இந்த ஏற்பாட்டால் பெரிய டிரான்சிஸ்டர்களுக்குப் பயாஸ் கரண்ட், அதாவது சிக்னல் இல்லாதபோதும் ஓடவிடும் சிறு கரண்ட், தேவையில்லை. மற்ற ஆம்ப்களில் திருகி வைக்கிற பயாஸ் பிரீசெட் இதில் கிடையவே கிடையாது.

ஆளிடம் கேளுங்கள்: "சார், வேலை முடிந்ததும் பயாஸ் செட் பண்ணிவிடுவீர்களா?" 405 தெரிந்தவர் உடனே சொல்வார், இதில் அது இல்லையே என்று. தெரியாதவர், "மேனுவலைப் பார்த்துச் சொல்கிறேன்" என்றாலும் போதும், தாராளமாகக் கொடுக்கலாம். "அதெல்லாம் பக்காவா செட் பண்ணிடலாம்" என்றால் நன்றி சொல்லி எழுந்து வந்துவிடுங்கள். எல்லா மாடலையும் பார்த்திருக்க வேண்டும் என்று யாரையும் எதிர்பார்க்க முடியாது. பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்கிறாரா என்பதுதான் கேள்வி.

அடுத்து மேஜையைப் பாருங்கள். சீரிஸ் லேம்ப் இருக்கிறதா? பல்பு ஹோல்டரும் பிளக் பாயின்ட்டும் சேர்ந்த சாதாரணப் பலகைதான், பழைய ரேடியோ மெக்கானிக் எல்லோரிடமும் இருந்தது. 60 அல்லது 100 வாட் குண்டு பல்பைத் தொடராக வைத்து, அதன் வழியாகத்தான் பழுதான ஆம்புக்கு முதலில் மின்சாரம் கொடுக்க வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், ஆம்பில் எதுவும் புகையாது. நல்ல ஆம்பாக இருந்தால் பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரியும், பெரிய கெப்பாசிட்டர்கள் நிரம்பியதும் மங்கி அணைந்துபோகும். அந்த ஒரு கணத்தில் பாதி நோய் தெரிந்துவிடும். எல்.இ.டி பல்பு இதற்கு உதவாது, இழை பல்புதான் வேண்டும். வோல்ட்டேஜை மெல்ல மெல்ல ஏற்றித் தரும் வேரியாக் வைத்திருந்தால் இன்னும் நல்லது. இரண்டும் இல்லாமல் நேராக பிளக்கில் சொருகி "என்ன ஆகுதுன்னு பார்ப்போம்" என்கிறவரிடம் 405ஐக் கொடுக்க வேண்டாம்.

மேஜையில் டம்மி லோட் இருக்க வேண்டும், 8 ஓம் அளவில் பெரிய வாட் ரெசிஸ்டர். ஸ்பீக்கரை மாட்டுவதற்கு முன்னால் ஸ்பீக்கர் முனையில் டி.சி எவ்வளவு என்று மீட்டர் வைத்துப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. 405இல் ஸ்பீக்கரைக் காப்பாற்றும் ரிலே கிடையாது. ஒரு டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் ஏறக்குறைய 50 வோல்ட் டி.சி நேராக ஸ்பீக்கர் காயிலுக்குப் போகும். அதனால் தம்பி, பழுது பார்க்கும் வரை உங்கள் நல்ல ஸ்பீக்கரில் இதைப் போட்டுக் கேட்காதீர்கள்.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. இந்த ஆம்பில் இடது போர்டும் வலது போர்டும் ஒன்றே. வலது பக்கம் நன்றாகப் பாடுகிறது. ஆகவே ஒவ்வொரு இடத்திலும் வலதில் எத்தனை வோல்ட், இடதில் எத்தனை என்று எழுதிக்கொண்டே போனால் வேறுபடும் இடம் தானாக மாட்டிக்கொள்ளும். ஹம் இரண்டு பக்கமும் இருப்பதால் பொதுவான இடத்தில் தேட வேண்டும். பவர் சப்ளையில் 10,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இரண்டு நிற்கும், அவற்றை முதலில் அளக்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்காமலே இதை அவராகச் சொன்னால் ஆள் கிடைத்துவிட்டார்.

மதுரை_டேப்:

அளப்பது எதற்கு என்று கேட்கிறேன். 40 வருடம் தாண்டிய செட்டில் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் அத்தனையும் மாற்றிவிட வேண்டியதுதான். 10 டிகிரி சூடு கூடினால் கெப்பாசிட்டரின் ஆயுள் பாதியாகிறது. லண்டன் குளிரில் இருந்த ஆம்ப் நம் ஊர் சித்திரை வெயிலுக்கு வந்திருக்கிறது. இன்று ஒன்றை மாற்றினால் ஆறு மாதம் கழித்து இன்னொன்று போகும், திரும்ப ஆள் தேடுவீர்களா? என் செட்டுகள் எல்லாவற்றிலும் மொத்தமாக மாற்றித்தான் வைத்திருக்கிறேன்.

பழைய_வால்வு:

மதுரைக்காரர் சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம். பவர் சப்ளை கெப்பாசிட்டர்களை அந்த வயதில் மாற்றுவது நியாயம். மொத்தமாக மாற்றுவதில்தான் எனக்குத் தயக்கம். பழைய போர்டில் ஒவ்வொரு முறை சால்டரிங் அயர்ன் வைக்கும்போதும் செம்பு ட்ராக் பெயர்ந்து வரும் அபாயம் உண்டு. நாற்பது உறுப்பைக் கழற்றினால் நாற்பது அபாயம். கழற்றும் கை நல்ல கையாக இருந்தால் பிரச்சினையில்லை. ஆனால் முதலில் கோளாறைக் கண்டுபிடித்து, ஆம்பைப் பேச வைத்து, அதன் பிறகு மாற்ற வேண்டியதை மாற்றுவதுதான் முறை. கோளாறு என்ன என்று தெரியாமலே முப்பது பார்ட் மாற்றியபின் புதிதாக ஒரு சத்தம் வந்தால், அது பழைய நோயா, நாம் கொடுத்த நோயா என்று எப்படிச் சொல்வது? ஒரு கெப்பாசிட்டரைத் தலைகீழாகப் போட்டிருந்தால்கூடத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு நாள் போகும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 405இல் முதலில் வந்தவற்றில் எல்.எம் 301ஏ என்ற ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சின்ன சிப்) இருக்கும், பிறகு டி.எல் 071 வந்தது. "இதை எடுத்துட்டு லேட்டஸ்ட் ஆப்-ஆம்ப் போடலாம், சவுண்டு திறக்கும்" என்று ஆசை காட்டுவார்கள். வேகமான சிப்பைப் போட்டால் காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் ஆம்ப் ஊசலாட ஆரம்பிக்கலாம். அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஸ்கோப்பில் பார்த்தால்தான் அது தெரியும். ஸ்கோப் இல்லாதவர் ஆப்-ஆம்ப் மாற்றலாம் என்றால் மறுத்துவிடுங்கள். பாலத்தில் உள்ள அந்த நான்கு உறுப்புகளை யாரும் 'அப்கிரேட்' செய்யவே கூடாது. அந்த மதிப்புகள் ஒன்றுக்கொன்று கணக்கிட்டு வைத்தவை.

சிங்கைச்செவி:

பெரிய டிரான்சிஸ்டர் மாற்ற வேண்டி வந்தால் கவனம். 405இல் பழையதற்குப் பதிலாகப் பலரும் எம்.ஜே 15003 போடுகிறார்கள். ஒரிஜினல் என்றால் 20 ஆம்பியர், 250 வாட் தாங்கும். சந்தையில் கிடைப்பதில் போலி ஏராளம். வெளியே அதே கிண்ணம், அதே எழுத்து, உள்ளே கடுகத்தனை சிலிக்கான் துண்டு. மீட்டரில் வைத்தால் நல்லதாகவே காட்டும், லோட் ஏறும்போது வெடிக்கும். எரிந்துபோன ஒன்றின் மூடியை அரத்தால் அறுத்துப் பார்த்தபோதுதான் நான் நேரில் பார்த்தேன்: துண்டு அவ்வளவு சின்னது. சிங்கப்பூரில் சிம் லிம் டவர் மாடிகளில் பார்ட்ஸ் கடைகள் இருக்கின்றன, ஆனால் பவர் டிரான்சிஸ்டரை நான் அங்கேயும் வாங்குவதில்லை. மௌசர், டிஜிகீ, எலிமென்ட்14 போன்ற அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தர்களிடம்தான். இந்தியாவுக்கும் அனுப்புகிறார்கள். டெக்னீஷியன் எங்கிருந்து வாங்குகிறார் என்று கேளுங்கள், பில் காட்டச் சொல்லுங்கள்.

உங்களுடையது இங்கிலாந்து செட் என்பதால் மின்னழுத்தத் தொல்லை இல்லை. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன். இப்போது ஜப்பானிலிருந்து பழைய சான்சுயி, லக்ஸ்மேன், அக்யூஃபேஸ் எல்லாம் வாங்குகிறோம். ஜப்பான் உள்நாட்டு செட் 100 வோல்ட்டுக்குச் செய்தது. நம் கடைகளில் 'ஸ்டெப் டவுன்' என்று கேட்டால் 230ஐ 110 ஆக்குவதைத்தான் கொடுப்பார்கள். லைனில் 245 வந்தால் அது 117 கொடுக்கும். 100 வோல்ட் செட்டுக்கு அது 17 சதவீதம் கூடுதல். உள்ளே 45 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 52க்கு மேல் போகும். அங்கே நிற்கும் 50 வோல்ட் கெப்பாசிட்டர் எத்தனை நாள் தாங்கும்? 'ஜப்பான் ஆம்ப், நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்தும் திரும்பத் திரும்பப் போகிறது' என்று புலம்புகிறவர்கள் முதலில் ஸ்டெப் டவுனை அளந்து பாருங்கள். 100 வோல்ட்டுக்கென்று தனியாகச் சுற்றித் தரச் சொல்ல வேண்டும். கோவையில் டிரான்ஸ்பார்மர் சுற்றுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை.

கொங்குராகம்:

பழைய_வால்வு ஐயா, மிக்க நன்றி. அந்த பயாஸ் கேள்வியைக் குறித்துக்கொண்டேன். ஆம்பைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். நேரடியாக இங்கிலாந்துக்கே, குவாட் கம்பெனிக்கு அனுப்பலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். அது சரியா?

சிங்கைச்செவி:

குவாட் தன் பழைய செட்டுகளை ஹண்டிங்டனில் பழுது பார்த்துத் தருகிறது, அது உண்மை. உங்களுடையது எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கராக, அதாவது ஈ.எஸ்.எல் 63 ஆக இருந்தால் நானும் அதைத்தான் யோசிப்பேன். உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடும், பேனலைப் பிரித்து ஒட்டுவது தனிக் கலை. 405 அப்படியில்லை. எல்லா உறுப்பும் வெளியே கிடைக்கும், சர்க்யூட் எல்லோரிடமும் இருக்கிறது, ஹைஃபை இன்ஜின் போன்ற தளங்களில் சர்வீஸ் மேனுவல் இருக்கிறது. போக வர சரக்குக் கட்டணம், திரும்பி வரும்போது சுங்கத்தில் 'இது என் பழைய பொருள்தான்' என்று நிரூபிக்க வேண்டிய காகித வேலை, இவ்வளவும் சேர்ந்தால் இன்னொரு 405 விலைக்கு நெருங்கிவிடும். நம் ஊரிலேயே முடிக்கக்கூடிய வேலை.

திருச்சி_பெஞ்ச்:

இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். நான் இந்த வேலையைச் செய்கிறவன். எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

நல்ல டெக்னீஷியன் கிடைக்கவில்லை என்று எல்லோரும் சொல்கிறீர்கள். ஏன் கிடைக்கவில்லை? என்னோடு வேலை கற்றவர்கள் பலர் சி.சி.டி.வி, யூ.பி.எஸ், சோலார் என்று போய்விட்டார்கள். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஒரு டிரை சால்டரை, அதாவது சரியாகப் பிடிக்காத ஈய ஒட்டை, கண்டுபிடிப்பேன். அதைச் சரி செய்ய ஒரு பொட்டு ஈயம் போதும். "ஒரு பொட்டு ஈயத்துக்கா இவ்வளவு காசு?" என்று கேட்பார்கள். அந்தப் பொட்டை எங்கே வைப்பது என்று கண்டுபிடிக்கத்தானே அந்த நாள் போனது? அதனால்தான் சில கடைகள் கண்டுபிடிக்கும் வேலையையே விட்டுவிட்டு, ரெடிமேட் போர்டு, 'ஐ.சி போச்சு' என்று போய்விட்டன. பார்ட் மாற்றினால் காசு வாங்க முடிகிறது, மூளைக்கு வாங்க முடியவில்லை.

நான் இப்போது செய்வது இதுதான். செட்டைத் திறந்து பார்ப்பதற்கே ஒரு தொகை வாங்குகிறேன். வேலை தொடர்ந்தால் அது பில்லில் கழிந்துவிடும், வேண்டாம் என்றால் என்ன கோளாறு என்று எழுதிக் கொடுத்துவிடுவேன். எடுத்துக்கொண்டு போய் வேறு யாரிடமும் செய்துகொள்ளலாம். கழற்றிய பழைய பார்ட்களை ஒரு கவரில் போட்டுக் கொடுப்பேன். அதை எல்லோரிடமும் கேட்டு வாங்குங்கள், கேட்டால் முகம் சுளிக்கிறவரிடம் அடுத்த முறை போகாதீர்கள். பார்ட்ஸ் ஆர்டரை நான்கைந்து செட்டுக்குச் சேர்த்துத்தான் போடுவேன், ஒரே ஒரு செட்டுக்குப் போட்டால் ஷிப்பிங் கட்டணம் பார்ட் விலையைத் தாண்டிவிடும். அதனால் மாதம் ஆகும். தினமும் போன் செய்யாமல் இருந்தால் அந்த நேரத்தையும் உங்கள் செட்டுக்கே கொடுப்பேன்.

கொண்டு வரும்போது நோயைக் காகிதத்தில் எழுதிக் கொண்டு வாருங்கள். எந்தப் பக்கம், எந்த வால்யூமில், போட்டவுடனேயா, சூடான பிறகா. கொங்குராகம் முதல் பதிவில் எழுதியிருக்கிறாரே, 'வால்யூம் ஏற்றினால் தொப்பி உடைகிறது, குறைத்தால் சுத்தம்' என்று, அது எனக்கு ஒரு மணி நேர வேலையை மிச்சப்படுத்தும். இதற்கு முன் யாராவது கை வைத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். துருப்பிடித்த திருகுக்கு அடிக்கிற டபிள்யூ.டி-40 ஸ்பிரேயை அடித்த வால்யூம் கண்ட்ரோலை மறைத்துக் கொண்டு வருகிறவர்கள் உண்டு. கரகரப்பு ஒரு வாரம் நிற்கும், பிறகு அந்த எண்ணெயில் தூசி பிடித்து முன்பைவிட மோசமாகும். கான்டாக்ட் கிளீனர் என்று அதற்கென்றே வருவதைத்தான் அடிக்க வேண்டும்.

ரிச்சித்தெருவாசி:

திருச்சி அண்ணன் சொன்ன அந்த எழுதிக் கொடுக்கும் வழக்கம் எல்லோருக்கும் வர வேண்டும். மத்திய அரசு 2022இல் 'பழுது பார்க்கும் உரிமை' என்று ஒரு இணையதளம் தொடங்கியது, கம்பெனிகள் மேனுவல், உதிரிபாக விவரம் எல்லாம் தரட்டும் என்று. புதிய டிவி, போனுக்கு அது உதவலாம். நாம் பேசுகிற வயதுள்ள செட்டுக்கு அந்தக் காலத்தில் கம்பெனிகள் அச்சடித்த சர்வீஸ் மேனுவல்தான் துணை. சர்க்யூட், ஒவ்வொரு முனையின் வோல்ட்டேஜ், அட்ஜஸ்ட்மென்ட் வரிசை எல்லாம் அதில் இருக்கும். மேனுவலைப் பிரிண்ட் எடுத்து ஆம்போடு சேர்த்துக் கொடுங்கள். வாங்கியவர் அதைப் புரட்டுகிறாரா, ஓரமாக வைக்கிறாரா என்று பார்த்தாலே போதும்.

கொங்குராகம்:

ஒரு நல்ல செய்தி. ரிச்சித்தெருவாசி சொன்ன சபா வழியில் போனேன். இங்கே கோயில் விழாக்களுக்கும் இசை விழாக்களுக்கும் சவுண்டு போடுகிற ஒருவரைக் கேட்டதும், யோசிக்காமல் ஒரு பெயரைச் சொன்னார். வெளியே பெயர்ப்பலகை இல்லை, மாடி வீடு. அவர் விளம்பரம் வேண்டாம் என்கிறார், ஆதலால் பெயர் இங்கே எழுதவில்லை.

பயாஸ் கேள்வியைக் கேட்டேன். "405ல ஏது பயாஸ்?" என்று திருப்பிக் கேட்டார். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மூடியைத் திறந்ததும் முதலில் நாலு பக்கமும் போட்டோ எடுத்தார். பெரிய கெப்பாசிட்டர் இரண்டின் முனைகளிலும் மீட்டர் வைத்து, மிச்சமிருந்த வோல்ட்டேஜை ஒரு ரெசிஸ்டர் வழியாக இறக்கினார். ஸ்க்ரூடிரைவரால் தீப்பொறி பறக்கத் தட்டவில்லை. பிறகு சீரிஸ் லேம்ப்: பளிச்சென்று எரிந்து மங்கியது. "பெரிய டிரான்சிஸ்டர் எதுவும் ஷார்ட் இல்லை" என்றார். அப்புறம் ஐயா சொன்ன மாதிரியே இரண்டு போர்டையும் பக்கத்தில் வைத்து, ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு வோல்ட்டேஜ் எழுதிக்கொண்டே வந்தார். ஆப்-ஆம்புக்கு மின்சாரம் வரும் இடத்தில் வலது பக்கம் பிளஸ்ஸும் மைனஸும் சமம். இடது பக்கம் மைனஸ் மட்டும் இறங்கியிருந்தது. பேனா வைத்துக் காட்டினார்: வோல்ட்டேஜை இறக்கித் தருகிற ரெசிஸ்டரைச் சுற்றி போர்டு பழுப்பேறியிருந்தது, அதன் அடியில் சால்டர் வளையமாக விரிசல் விட்டிருந்தது. லென்ஸில் பார்த்தால்தான் தெரிந்தது. ரெசிஸ்டரின் மதிப்பும் ஏறியிருந்தது. ஆப்-ஆம்புக்கு மைனஸ் பக்கம் இடம் போதாததால் ஒலி அலையின் ஒரு பாதி சீக்கிரமே வெட்டுப்படுகிறது, அதனால்தான் பலமான தொப்பி அடி மட்டும் உடைகிறது என்று ஸ்கோப்பில் சிக்னல் விட்டுக் காட்டினார். அலையின் கீழ்ப்பாதி கத்தியால் சீவியதுபோலத் தட்டையாக இருந்தது.

இரண்டு போர்டிலும் அந்த ரெசிஸ்டர்களைக் கொஞ்சம் கூடுதல் வாட்டில், போர்டிலிருந்து தூக்கி நிற்கும்படி போட்டார், சூடு போர்டில் இறங்காது. ஹம்முக்குக் காரணம் அந்த இரண்டு 10,000 மைக்ரோஃபாரட்தான். அளந்து காட்டிவிட்டுப் புதிது போட்டார். மற்றபடி போர்டில் இருந்த சின்ன எலக்ட்ரோலிடிக்குகளை மட்டும் மாற்றினார். மதுரை அண்ணன் சந்தோஷப்படுவார். ஆப்-ஆம்ப் மாற்றவில்லை, டிரான்சிஸ்டர் மாற்றவில்லை. பழைய பார்ட் கவர் என்னிடம் இருக்கிறது.

வேலைக் கூலி அவர் கேட்டதை அப்படியே கொடுத்தேன். முதல் கடைக்காரர் ரெடிமேட் போர்டுக்குச் சொன்னதைவிடக் குறைவு.

மதுரை_டேப்:

சின்ன எலக்ட்ரோலிடிக் எல்லாவற்றையும் மாற்றியது மிகச் சரி. நான் சொன்னதும் அதைத்தானே.

பழைய_வால்வு:

கண்டுபிடித்த பிறகு மாற்றினார். அந்த வரிசையில் செய்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. தம்பி, அவர் எழுதிய வோல்ட்டேஜ் நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து ஆம்புக்குள்ளேயே ஒரு கவரில் வையுங்கள். பத்து வருடம் கழித்துத் திறப்பவருக்கு அது மேனுவலைவிட உதவும்.

நெல்லை_காசெட்:

இந்த இழையிலேயே கேட்டுவிடுகிறேன். என்னிடம் நாகமிச்சி பி.எக்ஸ் 300 காசெட் டெக் இருக்கிறது. ப்ளே போட்டால் கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடுகிறது. ரீவைண்ட் திணறுகிறது. இங்கே ஒருவர் 'ஹெட் அலைன்மென்ட் போயிருக்கு, ஸ்க்ரூவைத் திருகினால் சரியாகும்' என்கிறார். கொரியரில் வெளியூர் அனுப்பலாமா?

திருச்சி_பெஞ்ச்:

டேப்பைப் படிக்கும் ஹெட்டின் ஸ்க்ரூவை யாரும் தொட வேண்டாம். பி.எக்ஸ் 300 மூன்று ஹெட் மெஷின், அலைன்மென்ட் டேப்பும் ஸ்கோப்பும் இல்லாமல் அந்த ஸ்க்ரூவைத் திருப்பினால் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பெரிய பாடு. நீங்கள் சொல்வது ஹெட் நோயே இல்லை. ரீலைச் சுற்றும் ஐட்லர் சக்கரத்தின் ரப்பர் வளையம் இறுகி வழுக்கியிருக்கும். ரீல் சுற்றாவிட்டால் டெக் தானாக நின்றுவிடும். வளையம் சின்னப் பொருள், புதிது கிடைக்கிறது.

கொரியரில் அனுப்புவதாக இருந்தால் இரட்டைப் பெட்டி: உள் பெட்டிக்கும் வெளிப் பெட்டிக்கும் இடையில் நாலு பக்கமும் மூன்று விரல் அகலத்துக்கு ஃபோம். உள்ளே காசெட் எதையும் விட்டு வைக்காதீர்கள். அதைவிட, நெல்லையிலிருந்து திருச்சிக்கு ரயிலில் மடியில் வைத்து எடுத்து வாருங்கள். அன்றைக்கே உங்கள் முன்னாலேயே பார்த்துவிடலாம். வருமுன் தனிச்செய்தியில் சொல்லுங்கள், ரப்பர் வளையத்தை வாங்கி வைக்கிறேன்.